சம்பந்தியம்மாவுக்கு ஓர் இடம்

கையை முழங்கை வரை கழுவியாயிற்று. சோப்பு வாசம் போவதற்காக வெறும் தண்ணீரில் இன்னும் இரண்டு தடவை. மோதிரம் சட்டைப்பைக்குள் போயிற்று. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிற்று. காலை ஆறு மணிக்கு, பல்கூடத் துலக்காமல், படக்காரர் தன் கூடத்து மூலையில் இருக்கும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் வலது கையை விடுகிறார். விரல் நுனி உயிருள்ள சிவப்புப் பவளம் ஒன்றின் அடியிலிருக்கும் கல்லைத் தொடுகிறது.

"ஆடாதீங்க," என்கிறார் அதனிடம். "கொஞ்சம் இடது பக்கம் திரும்பணும். அவ்வளவுதான், அவ்வளவுதான். மூச்சை இழுத்துப் பிடிங்க."

பவளம் மூச்சையும் பிடிக்கவில்லை, ஒன்றையும் பிடிக்கவில்லை. தொட்டதும் தொடாததுமாக உடம்பைச் சுருக்கித் தன் சுண்ணாம்பு எலும்புக்குள் இழுத்துக்கொண்டது. படக்காரர் கையை வெளியே எடுத்து, ஈரத்தைச் சட்டையிலேயே துடைத்து, "கோவிச்சுக்கிட்டாங்க," என்று சமையலறையில் இருந்த மனைவிக்கு அறிவித்தார். நாலு வருடமாகக் கேட்கிற அறிவிப்புக்குத் தினம் தினம் யார் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால், ஈயத்தகடு அடித்த கதவுக்குள் இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறார். அதனால் வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் படக்காரர்தான். கையை இப்படி மடக்குங்க, தாடையைத் தூக்குங்க, தோளை இறக்குங்க என்று நாளைக்கு அறுபது எழுபது உடம்பை ஒழுங்காக நிறுத்தியோ படுக்க வைத்தோ பழகிய கை. வீட்டிலும் அது சும்மா இருப்பதில்லை. சுவரில் மாட்டிய காலண்டரை நிமிர்த்தும். தட்டில் வைத்த கரண்டியைத் திருப்பி வைக்கும். பஸ்ஸில் பக்கத்தில் தூங்கி விழுகிறவரின் தலையைக்கூட ஒரு தடவை நேராக நிமிர்த்தி வைத்து, அந்த ஆளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறது.

தொழிலில் அவருக்கு இன்னொரு பழக்கமும் ஊறிப் போயிருந்தது. படம் எடுப்பதோடு சரி. என்ன தெரிகிறது என்று யார் கேட்டாலும், அழுதுகொண்டே கேட்டாலும், "டாக்டர் பார்த்துச் சொல்வார்." அதுதான் விதி, அதை அவர் மீறியதே கிடையாது. வீட்டில் பால் திரிந்துவிட்டதா என்று மோந்து பார்க்கச் சொன்னால்கூட வாய் தவறி அதுவே வந்துவிடும். "உள்ளே இருக்கறதை எல்லாம் பாக்கறவன் நான். பார்த்து என்ன பிரயோஜனம்? ஊமை கண்ட கனவுதான்," என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார்.

வீடும் கிட்டத்தட்ட அடித்தளம் மாதிரிதான். கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளம். கூடத்து ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் ஒரு கை தூரத்தில் நிற்கும். நடுப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும். அந்த வீட்டில் அவர் மனைவி வெளியாருக்கு ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கிறாள். வெயில் அதிகம் வருகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கெல்லாம் வெயிலையே பார்க்காத வீட்டிலிருந்து திரை போகிறது.

முதலில் செடி வைத்துப் பார்த்தார். மூன்று தொட்டிச் செடிகள் வரிசையாகக் கண்ணை மூடின. அப்புறம்தான் ஒரு நாள் தன் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், காத்திருக்கும் அறையில், கடல்நீர்த் தொட்டியையும் அதற்குள் ஊதாவும் பச்சையுமாய் விரிந்திருந்த பவளங்களையும் பார்த்தார். பல் வலி மறந்துபோயிற்று. விசாரித்துக்கொண்டு தொட்டிக்கடைக்குப் போனார். கடைக்காரர், "எல்லாப் பவளத்துக்கும் வெளிச்சம் கொட்ட வேண்டியதில்லை சார். ஆழத்துல, பாறை நிழல்ல இருக்கற ஜாதி இருக்கு. அதுக்கு மங்கலா இருந்தாத்தான் பிடிக்கும்," என்றார். படக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நமக்கென்றே ஒரு ஜீவன் படைக்கப்பட்டிருக்கிறது!

"வெளிச்சமே வேண்டாத ஜாதி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். பேராசைதான்.

இருந்தது. சூரியப் பவளம் என்று பெயர், ஆனால் அதற்குச் சூரியன் வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில், பார்க்கப் பூச்செண்டாக இருக்கும். கடைக்காரர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். நம்மவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். வெளிச்சம் வேண்டாத ஜீவனுக்கு வேறொன்றும் வேண்டாம் என்று தானாகவே முடிவு செய்துகொண்டு, ஒன்றரை மாதம் அதன் அழகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது பூ பூவாக வற்றி, வெறும் சுண்ணாம்புக் கூடாக நின்றது. பிறகுதான் விவரம் தெரிந்தது. வெளிச்சத்தைத் தின்று வாழாத பவளத்துக்கு வாயில்தான் ஊட்ட வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக, குழலால், வாரத்துக்கு மூன்று நாலு தடவை. "பட்டினி போட்டே கொன்னுட்டேன். அதுவும் பக்கத்துலயே உக்காந்து ரசிச்சு ரசிச்சுக் கொன்னேன்," என்று இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறார். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று திருதிருவென விழிப்பார்கள். அவர் தானே முதலில் சிரித்து வழிவிடுவார்.

அடுத்தது விளக்கு. காளான் பவளமும் பட்டன் பவளமும் வாங்கி வைத்து, நல்லதாகத்தான் இருக்கட்டுமே என்று பெரிய நீல விளக்கை முழு வீச்சில் எரியவிட்டார். பத்தே நாளில் காளானெல்லாம் காகிதமாய் வெளுத்துவிட்டது. "எக்ஸ்ரே பிலிமுக்கு டோஸ் கூடினா கறுத்துப்போகும். இதுக்குக் கூடினா வெளுத்துப்போகும். ரெண்டு இடத்துலயும் கெடுத்த ஆள் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்." விளக்கைக் கால் பங்குக்குக் குறைத்தார். காளான்கள் பிழைத்துக்கொண்டன. பிழைத்தது மட்டுமா, கல் கல்லாகத் தாவி இன்று பாதித் தொட்டி அவற்றுடையதுதான். அவர் கண்டுகொள்ளாமல் விட்டதெல்லாம் நன்றாக இருப்பதை அவர் மனைவி எப்போதோ கவனித்திருந்தாள்.

அடிபட்டு அடிபட்டுப் பவளம் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ஓரளவு தேர்ச்சி வந்தது. கடைக்குள் நுழைந்ததும், "நீல லைட்டை அணைங்க," என்பார். நீல வெளிச்சத்தில் எல்லாமே ஜொலிக்கும், செத்துக்கொண்டிருப்பதுகூட. வெள்ளை விளக்கில் பார்த்தால்தான் உண்மை நிறம். ஓரத்தில் சதை விலகி வெள்ளை எலும்பு எட்டிப் பார்க்கிறதா, வாய் பிளந்து கிடக்கிறதா, கடைக்கு வந்து எத்தனை வாரம், தொட்டியின் அடியில் இருந்ததா மேலே இருந்ததா என்று குறுக்கு விசாரணை நடக்கும். அடியில் இருந்து பழகியது என்றால்தான் அவர் வீட்டுக்கு லாயக்கு. பெண் பார்க்கப் போன அன்று இதில் பாதிக் கேள்விகூட அவர் கேட்கவில்லை என்பது மனைவியின் ஞாபகம்.

இப்படித்தான் ஐந்து மாதத்துக்கு முன் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தாள். பிளாஸ்டோ என்று கடையில் சொல்கிற ஜாதி. ரத்தச் சிவப்பில் வட்ட வட்டமாக ஐந்து தலை, ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சைப் புள்ளி. மங்கல் வெளிச்சம், மெல்லிய நீரோட்டம், இதற்கு மேல் ஒன்றும் கேட்காத சாது. நல்லபடியாக இருந்தால் தண்ணீர் நிறைந்த பலூனாக உப்பி நிற்கும். பிடிக்காவிட்டால் சதையை உள்ளே இழுத்துக்கொண்டு முகம் காட்டாது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் அம்மாள் ஒரு தடவை வந்திருந்தபோது, மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடிக்கிற நாற்காலியில் இவர் உட்கார வைத்துவிட்டார். அந்தம்மாள் கிளம்புகிற வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பில் வைத்த பெயர். "அவங்க காதுல விழுந்தா நம்ம பொண்ணு பாடு திண்டாட்டம்தான்," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மாவை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். அதற்கு முந்தின மாதம்தான் இன்னொரு பவளம் போயிருந்தது. இனிமேல் பவளம் என்ற பேச்சே எடுக்க முடியாத நிலைமை. "இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா தொட்டியையே எடுத்துடறேன். அந்த மூலையில உன் மேசையைப் போட்டுக்கோ."

மனைவிக்குத் துணி வெட்ட ஒரு மேசை வேண்டும். ஆறடிக்கு மூன்றடி, இடுப்பு உயரம். கூடத்தில் ஒரு பக்கம் வாசல், ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் தையல் மிஷினும் நாற்காலியும். மிச்சம் இருக்கிற ஒரே சுவரில் தொட்டி. அதனால் அவள் தரையில் துணியை விரித்து, முழங்காலிட்டு நகர்ந்து நகர்ந்து வெட்டுகிறாள். அவர் வாக்குக் கொடுத்ததும் இஞ்ச் டேப்பை எடுத்து அந்த மூலையை அளந்தாள். அளவைக் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டாள்.

அந்தக் குறிப்பைப் பார்த்த நாளிலிருந்து படக்காரருக்குச் சம்பந்தியம்மாவின் உடம்பு பற்றிய கவலை பிடித்துக்கொண்டது. கவலை வந்தால் கை துறுதுறுக்கும். முதலில் இடது மூலையில் வைத்தார். ஓட்டம் அதிகமோ என்று தோன்றியது. வலது மூலைக்குப் போனாள். அங்கே காளான் உரசுமோ என்று தோன்றியது, நடுவுக்கு வந்தாள். பாறை நிழலுக்குள் போனாள். நிழல் கூடிவிட்டதோ என்று பாதி வெளியே வந்தாள். நாலு மாதத்தில் பதினோரு இடம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நாள் சுருங்கிக் கிடந்து, மூன்றாம் நாள் கொஞ்சம் தேறி, தலையைத் தூக்குகிற நேரத்தில் தண்ணீருக்குள் கை வரும். கடைசியில் இரண்டு தலைகளின் ஓரத்தில் சதை விலகி, வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அதைப் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு தொட்டிக்கடைக்கு ஓடினார். படமென்றால் சும்மா இல்லை, நேர்ப்பார்வை ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தேதியோடு.

கடைக்காரர் படத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார். "எத்தனை தடவை நகர்த்தினீங்க?"

"ஒரு… ஏழெட்டுத் தடவை இருக்கும்."

"சார்."

"பதினொண்ணு."

"கையை எடுங்க சார். வேற மருந்தே இல்லை. ஒரு மாசம் தொட்டிக்குள்ள கை போகக் கூடாது. தண்ணி மாத்தறதுகூட டியூப்ல. அது பிழைக்கறதும் போறதும் உங்க கையிலதான் இருக்கு, அந்தக் கையை வெளிய வெச்சுக்கறதுலதான் இருக்கு."

ஒரு மாதம்! பீடி விட்டபோதுகூட அவர் இவ்வளவு பாடுபடவில்லை. காலையில் எழுந்ததும் கை தானாகக் குழாயைத் தேடும். கையைச் சட்டைப்பையில் போட்டுப் பார்த்தார். பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வழக்கத்தைவிட அதிகமாகத் திருப்பித் திருப்பி நிறுத்தினார். கடைசியில் மனைவிதான் இரக்கப்பட்டு, தைத்து முடித்த திரைகளுக்குக் கொக்கி மாட்டுகிற வேலையைக் கொடுத்தாள். சாயங்கால வேளைகளில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் திரையைப் போட்டுக்கொண்டு, கண் தொட்டியில் இருக்க, கை கொக்கி மாட்டும். பாதி தலைகீழாக இருக்கும். அவள் பிறகு கழற்றி மாட்டிக்கொள்வாள். அவள் தரையில் வெட்டிக்கொண்டிருப்பாள். வெட்டி முடித்து எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்குத் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டைப் பற்றுவாள். தண்ணீர் தளும்பும்.

"ஆட்டாதே, ஆட்டாதே! சம்பந்தியம்மா பயந்துக்குவாங்க!" என்று இவர் பதறுவார். அவள் கையை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்திருப்பாள்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, அடித்தளத்தில் நல்ல கூட்டம். படக்காரர் கதவைத் திறந்து தலையை நீட்டி, "பதினாலு," என்றார். வரிசை நாற்காலியிலிருந்து, பக்கத்துக் கைப்பிடியை ஊன்றி, ஒரு நொடி நின்று, அப்புறம் நடந்து வந்தது அவர் மனைவி. கையில் சீட்டு.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ எங்க இங்க?"

"படம் எடுக்கத்தான். டாக்டர் எழுதிக் கொடுத்தார்."

சீட்டை வாங்கினார். முழங்கால், நின்றபடி, என்று எழுதியிருந்தது. எந்தப் பக்கம் என்ற இடத்தில் டாக்டரின் கிறுக்கல் விளங்கவில்லை. நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற கேள்வி, யோசிக்காமல் வந்துவிட்டது. "எந்த முழங்கால்?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. சம்பந்தியம்மாவின் எந்தத் தலையில் எத்தனை நூல் அளவு எலும்பு தெரிகிறது என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பார்.

"வலது," என்றாள் அவளே. "ரெண்டும்தான். வலது ஜாஸ்தி."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

வெளியே பதினைந்தும் பதினாறும் காத்திருந்தார்கள். அவளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். "எடையை ரெண்டு கால்லயும் சமமாப் போடுங்க. பாதம் நேரா. ஆடாம நில்லுங்க." கட்டிய மனைவியை 'ங்க' போட்டுப் பேசியது அவருக்கே பிறகுதான் உறைத்தது. அவள் ஆடாமல்தான் நின்றாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கினார். திரையில் படம் வந்தது. இரண்டு எலும்புக்கு நடுவில் நாலைந்து மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில், வலது காலின் உள்பக்கம் தையல் நூல் அளவுதான் இருந்தது. இந்த மாதிரிப் படம் ஆயிரம் பார்த்திருக்கிறார். என்ன வயது, மாடிப்படி அதிகம் ஏறுகிறவரா, தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரா என்று படத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர். ஆட்டாதே, ஆட்டாதே என்று கத்திய தன் குரல் காதுக்குள் கேட்டது.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"டாக்டர் பார்த்துச் சொல்வார்."

சொன்ன வாயை அப்படியே தைத்துவிடலாம் போல இருந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பதினைந்தாம் நம்பர் வந்து நின்றார். அன்று மட்டும் படக்காரர் மூன்று பேருக்கு வலதுக்கு இடது எடுத்தார். இருபத்தாறு வருடத்தில் நடக்காத சங்கதி.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் கண் மூலைக்குத்தான் போயிற்று. போன கண் அங்கேயே நின்றுவிட்டது. சம்பந்தியம்மா ஐந்து தலையும் உப்பி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, செக்கச்செவேலென்று நிறைந்திருந்தாள். ஓரத்து வெள்ளையைக் காணோம், சதை மூடிவிட்டது. இன்னும் உற்றுப் பார்த்தால், அடியில், பருப்பு அளவுக்கு ஆறாவதாக ஒரு குட்டித் தலை. நாலு வருடத்தில் அவர் கையால், அதாவது அவர் கை படாததால், முதன்முதலாகப் பிழைத்த பெரிய ஜீவன். வேறொரு நாளாக இருந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருப்பார்.

திரும்பிப் பார்த்தார். அவள் தரையில் சாம்பல் நிறத் துணியை விரித்து, ஒரு காலை மடக்கி, வலது காலை நீட்டி வைத்து, எட்டி எட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படி ஒரு காலை நீட்டிக்கொண்டு வெட்டுகிறாள்? அதுவும் தெரியாது.

வாக்குக் கொடுத்தது பவளம் செத்தால் என்றுதானே? சரி.

"போச்சு," என்றார்.

"என்ன போச்சு?"

"சம்பந்தியம்மா. முடிஞ்சுபோச்சு. நாளைக்கே தொட்டியைக் கடையில குடுத்துடறேன். நீ தச்சனை வரச் சொல்லு."

கத்தரிக்கோல் நின்றது. அவள் சுவரைப் பிடித்து எழுந்து, நடந்து வந்து, தொட்டிக்கு முன்னால் நின்றாள். பவளத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் பவளத்தைப் பார்த்தாள்.

"இதுவா போச்சு?"

படக்காரர் தொண்டையைக் கனைத்தார். "வெளிய பாக்கறதுக்கு அப்படித்தான் இருக்கும். உள்ளுக்குள்ள…"

"ஆறாவதா ஒண்ணு முளைச்சிருக்கு, கீழ. பாத்தீங்களா? நான் வியாழக்கிழமையே பாத்துட்டேன்."

"நீ… பாத்தியா?"

"தினமும் மத்தியானம் பாப்பேன். நீங்க இல்லாத நேரத்துலதான் அது நல்லா விரியும். சாவி போடற சத்தம் கேட்டா சுருங்கிடும், இன்னைக்குத்தான் அப்படியே நிக்குது." அவள் சிரித்துவிட்டாள். "ஒரு பொய் சொல்றதுக்கு இப்படியா முழிப்பீங்க? எதுக்கு இதெல்லாம்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் கிடந்த திரையின் கொக்கி தொடையில் குத்தியது, எழுந்திருக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, டாக்டர் பார்க்காத இடத்தில் வைத்து, ஒரு படத்தில் தெரிந்ததை நோயாளியிடம் சொன்னார். "வலது கால்ல உள்பக்கம் நல்லாத் தேஞ்சுபோச்சு. நூல் அளவுதான் இருக்கு. இன்னும் தேஞ்சா எலும்பும் எலும்பும் இடிக்கும். நீ இனிமே தரையில உக்காரவே கூடாது. இந்த ஒரு வருஷமா நான் எங்கடி பாத்துக்கிட்டு இருந்தேன்? மனுஷன்தானா நான்?" கடைசி வார்த்தை உடைந்து வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் குனிந்து, அவருக்கு அடியில் கிடந்த திரையை உருவினாள். "டாக்டர் மத்தியானமே சொல்லிட்டார்," என்றாள் அப்புறம். "மேசை போட்டு நின்னுக்கிட்டு வெட்டச் சொன்னார். நீங்க சொல்லுவீங்களான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

"அதான் சொல்றேன். தொட்டியை எடுத்துடறேன்."

"எடுத்து?"

"குடுத்துடறேன்."

"ஏன், அதுக்கு வெளிச்சம் வேண்டாம்னுதானே தேடித் தேடி வாங்கினீங்க? நிழல்தானே வேணும்? மேசைக்கு அடியில வைங்க."

படக்காரர் மூலையைப் பார்த்தார். இடுப்பு உயர மேசை, அடியில் மூன்றடி. தொட்டியின் உயரம் ஒன்றேகால் அடி. கை விட்டு எடுக்க இடம், சின்ன விளக்குக்கு இடம், எல்லாவற்றுக்கும் இடம். நாலு வருடம் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது.

"என் மண்டையை ஒரு படம் எடுத்துப் பாக்கணும்," என்றார். "உள்ள ஏதாவது தெரியுதான்னு."

"டாக்டர் பார்த்துச் சொல்வார்," என்றாள் அவள்.

தச்சர் வந்து அளவெடுத்தார். மேசைக்கு அடியில் குறுக்குக் கட்டை வேண்டாம் என்று படக்காரர் நாலு தடவை சொன்னதும், "கீழே என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். படக்காரர் யோசிக்காமல், "சம்பந்தியம்மா இருக்கப்போறாங்க," என்றார். தச்சர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, குடும்ப விவகாரத்தில் தலையிட விரும்பாதவராக வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

தொட்டியை இறக்கி மாற்ற ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பாதித் தண்ணீரை வாளிகளில் பிடித்து வைத்து, பவளங்களை ஒரு வாளியில் இருத்தி, ஸ்டாண்டின் கால்களை அறுத்துக் குட்டையாக்கி, மேலே கனமான கண்ணாடி மூடி போட்டு, எல்லாம் ஆனது. மூடியைப் பற்றி அவள் கறாராக இருந்தாள். உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு துணியில் தெறித்தாலும் சம்பந்தியம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வரும்போது புது மேசையின் முன்னால் நின்றுகொண்டு அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. சரசரவென்று கத்தரிக்கோல் ஆறடியும் நிற்காமல் ஓடியது. படக்காரர் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் மண்டியிட்டு, மேசைக்கு அடியில் தலையை நுழைத்தார்.

சம்பந்தியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது இடம் அல்லவா, ஐந்து தலையும் எலும்போடு ஒட்டிக் கிடந்தன. குட்டித் தலை இருக்கிறதா என்றே தெரியவில்லை. நீரோட்டம் நேரே படுகிறதோ? அரை விரல் அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். அரை விரல்தான். கை மூடிக்குப் போயிற்று. விளிம்பைப் பற்றி லேசாகத் தூக்கியும் விட்டது.

அப்போதுதான், தொட்டிக்குப் பக்கத்தில், முகத்துக்கு நேராக நின்ற இரண்டு கால்களும் மெல்ல எடையை மாற்றிக்கொண்டன, வலதிலிருந்து இடதுக்கு.

மூடியை விட்டார். கையை எடுத்து அவளுடைய வலது முழங்காலின் மேல் வைத்தார்.

மேலே கத்தரிக்கோல் நின்றது. "என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ வெட்டு."

கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் அந்த முழங்காலை அழுத்தவில்லை, திருப்பவில்லை, நேராக்கவில்லை. உள்ளங்கையை வைத்தது வைத்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.